வேகாதான் வீடு

உச்சிமாகாளியின் இடது பாதத்தில் உணர்ச்சி போய் நாளாயிற்று. சர்க்கரை செய்த வேலை. முள் குத்தினால் தெரியாது. செருப்பு கழன்று போனாலும் தெரியாது. போன வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் ஆடும்போது கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் காலில் விழுந்ததும் தெரியவில்லை. மறுநாள் சம்சாரம் தங்கபுஷ்பம்தான் பார்த்துவிட்டு, "ஐயோ, தோலு உரிஞ்சு தொங்குதே" என்று கத்தினாள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. இன்னொரு தடவை சூடு பட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று தென்காசி டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் அச்சன்புதூரில் அவர்கள் வீட்டுக்குப் பெயர் வேகாதான் வீடு. அவருடைய பூட்டன் சுடலையாண்டி, மாடன் கோயிலில் சாமியாடியவர். ஒரு கொடையில், கொதிக்கும் மஞ்சள் தண்ணீர்ப் பானைக்குள் கமுகம்பாளைக் கொத்தை முக்கி முக்கி மேலெல்லாம் அடித்துக்கொண்டாராம். "வெந்துட்டா?" என்று ஊர் கேட்க, "எனக்கு எங்கலே வேகும்?" என்றாராம். அன்றைக்கு விழுந்த பெயர். நெருப்பானாலும் வெந்நீரானாலும் ஒன்றும் செய்ய முடியாத ஆள் என்று அர்த்தம். பிறகு தாத்தா, அப்பா, இப்போது இவர். மனிதருக்கு அலுத்துவிட்டது. மற்றவனுக்குக் காய்ச்சல் என்றால் ஊர் வந்து பார்க்கும். வேகாதானுக்குக் காய்ச்சல் என்றால் சிரிக்கும்.

இந்த வருடக் கொடைக்கு வெற்றிலைத் தட்டோடு வந்தார் குத்தாலிங்கம். சித்தி மகன், கோயில் வரி பிரிக்கிறவர். வெற்றிலையை வாங்கினால் ஆடியாக வேண்டும். உச்சிமாகாளி கை நீட்டவில்லை. காலில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துப் புண்ணைக் காட்டினார்.

"சாமி சோதிக்குதுண்ணே. போன வருசம் முகம் சுளிக்காம நின்னியளே, அதை இன்னமும் சொல்லுதாங்க."

"சுட்டாத்தானலே சுளிக்க? காலு மரத்துல்லா கெடக்கு."

"உங்க பூட்டன் வெந்தாரா?"

அடுப்படியிலிருந்து தங்கபுஷ்பம் வந்தாள்.

"வெந்தாரு கொழுந்தனாரே. முதுகு பூரா வெந்தாரு. மலைக்குப் போயிருக்காருன்னு ஊருக்குச் சொல்லிட்டு, உள்ள வாழை எலையில கவுந்து கெடந்தாரு. பூட்டிதான் தேங்கா எண்ணெ தடவுனா. எங்க மாமியா சாகப்போற நேரத்துல எங்கிட்ட சொன்னா. அவளுக்கு அவ மாமியா சொன்னது. மருந்து போடுதவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?"

உச்சிமாகாளி அவளையே பார்த்தார். "எங்கிட்ட ஏன்ட்டி சொல்லலை?"

"சொன்னா மட்டும் ஆடாம இருந்திருப்பியளாக்கும்?"

அவருக்கு அப்பாவின் உடம்பு நினைவுக்கு வந்தது. தோளில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு இருக்கும். தேமல் என்றுதான் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

குத்தாலிங்கம் தொண்டையைச் செருமினார். "பழைய கதை கெடக்கட்டும் மதினி. அண்ணனுக்கு முடியலைன்னா பாண்டியராஜுக்கு வெத்தலை வைப்போம். போலீஸ்கார உடம்பு, தாங்கும். லீவு போடச் சொல்லுங்க."

அதுவரை, இந்த ஒரு வருடம் ஆடித் தொலைத்துவிடலாமா என்றுகூட உச்சிமாகாளி நினைத்துக்கொண்டுதான் இருந்தார். மகன் பெயரைக் கேட்டதும் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டார்.

"அவன் வேவான்லே."

"என்னண்ணே இப்படிச் சொல்லுதிய? ஊரு என்ன பேசும்?"

"இந்த வீட்டுல எல்லாரும் வெந்தவந்தான்னு பேசட்டும். தட்டை எடு."

குத்தாலிங்கம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

கொடையன்று பானை கொதித்தது. பாளை முக்க ஆளில்லை. தண்ணீரைக் கோயில் வாசலில் கவிழ்த்தார்கள். உச்சிமாகாளி காலில் கட்டோடு ஓரமாக நின்றார். சொந்தக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கும் யாரிடமும் விளக்கம் சொல்லத் தெம்பில்லை. தீபாராதனைக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்து வந்து, பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.