இடது கை ஆசீர்வாதம்

ஹார்ஸ் மலையடிவாரத்தை ஆண்ட கிறிஸ்தவ ஆயரின் காசுப் பட்டறையில் வோல்பர்ட் இருபத்திரண்டு வருஷம் காசு அடிக்கும் இரும்பு அச்சு வெட்டியிருந்தார். மூன்று ஆயர்கள் வந்து போயிருந்தார்கள். ஒருவர் முகத்தையும் அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை. பழைய அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மூக்கு, அதே முட்டைக்கண் என்று வெட்டிப் பெயரை மட்டும் மாற்றிவிடுவார். வருஷந்தோறும் பழைய வெள்ளிக்காசு செல்லாது என்று சொல்லி, கழிவு பிடித்துக்கொண்டு புதுசு கொடுப்பார்கள். ஊர் அதற்குத்தான் திட்டியதே தவிர, மூக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

நாலாவதாக வந்த ஆயருக்குத் தன் அழகின்மேல் அபார நம்பிக்கை. என்னைப் பார்த்து வெட்டட்டும் என்று ஆளனுப்பினார். இடக்கையில் செங்கோல், வலக்கை ஆசீர்வாதத்துக்கு உயர்ந்தபடி அரைநாள் அசையாமல் உட்கார்ந்தார். அந்த மோவாய்க் குழியைப் பார்த்து வோல்பர்ட்டுக்குப் புல்லரித்துவிட்டது. பார்த்ததைப் பார்த்தபடியே இரும்பில் இறக்கினார்.

அங்கேதான் குடி கெட்டது. அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வெட்டினால்தான் காசில் நேராக விழும் என்பது நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். எழுத்துகளைப் பழக்கத்தில் ஒழுங்காகத் திருப்பியவர், ஆயரைத் திருப்ப மறந்துவிட்டார். சந்தைக்குப் போன புதுக்காசில் ஆயர் இடக்கையால் ஆசீர்வதித்தார். அது சாபமல்லவா, மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்று பாலாடைக்கட்டிக்காரி காசை வாங்க மறுத்தாள்.

பட்டறைத் தலைவர் தீத்மார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யோவ், ஆயர் ஆண்டகை உன்னைக் கூப்பிடறாருய்யா. காசுல தப்புப் பண்ணா கையை வெட்டுவாங்க, தெரியுமில்ல? உன் கையோட நின்னா பரவால்ல, என் கையும்ல போகும்!"

மனைவி ஹாதெவிக் துவைத்த சட்டையை மாட்டிவிட்டாள். "அழாதய்யா. அங்க போனதும் ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்க. தேடி எடுக்கட்டும்."

அப்படியே போய் நின்றார். ஆயர் காசை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த, துலக்கிய வெள்ளிக் கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி காசைப் பார்த்தார்.

"எத்தனையோ பேரு என்னை வரைஞ்சு பாத்துட்டாங்க, ஒருத்தனுக்கும் வரல," என்றார். "தினம் காலைல நான் பாக்குற ஆளு இதுதாம்ப்பா. அச்சு அசலா நானே."

கண்ணாடியில் இடவலம் மாறித்தான் தெரியும் என்று சொல்ல அந்தச் சபையில் எவருக்கும் தைரியமில்லை. மூத்த குரு ஒருவர் மட்டும் "ஆனா அந்தக் கை..." என்று ஆரம்பித்தார். ஆயர் திரும்பியதும் இருமிச் சமாளித்தார். இனி வருஷா வருஷம் இதே மாதிரிதான் வெட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. வோல்பர்ட்டுக்கு நல்ல கம்பளித் துணியும் கிடைத்தது.

மறு வருஷம்தான் சோதனை. பழகின கை தானாகச் சரியாக வெட்டித் தொலைத்தது. இரண்டு அச்சு பாழ். கடைசியில் ஹாதெவிக் செங்கோலுக்குப் பதில் இடக்கையில் அகப்பையும், உயர்த்திய வலக்கையுமாக எதிரே உட்கார, அவளைப் பார்த்துத் தப்பாக வெட்டி முடித்தார். தெரியாமல் செய்த பிழையைத் தெரிந்தே பதினொரு வருஷம் செய்தார்.

ஒழுங்காக வெட்டிய இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, பேரெல்லாம் இந்தத் தப்புக்குத்தானா என்று ஒருநாள் அவர் உடைந்து அழுதார்.

"அழு," என்றாள் ஹாதெவிக். "கண்ணைத் துடைச்சுக்கக் கை இருக்குல்ல."