எடுத்தவர் பக்கம்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கிறது. மஞ்சள் முகத்தோடு ஒரு சூரியன், அதற்குக் கீழே வெள்ளைக் குதிரை மேல் கைகளை விரித்து உட்கார்ந்திருக்கும் குழந்தை, பின்னால் ஒரு மதில், மதிலுக்கு மேல் சூரியகாந்திப் பூக்கள். நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாமே தலைகீழ். தூசி தட்ட வரும் மருமகள், "என்னத்தே, படம் கவுந்து கெடக்கு" என்று இரண்டு முறை திருப்பி வைத்தாள். நான் கண்ணாடியைத் தூக்கி மறுபடி பழையபடியே வைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ரிட்டயர் ஆன கிழவிக்கு ஏதோ கிறுக்கு என்று விட்டிருப்பாள்.

அந்தச் சீட்டு என்னோடு வேலை பார்த்த ஒரு கணக்கு டீச்சருடையது. நன்னிலம் பக்கத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலி அவளுக்கு. நான் அறிவியல். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். புருஷன் குவைத்தில். ஒரு கோடை விடுமுறையில் செல்போனிலேயே ஏதோ வகுப்பில் சேர்ந்து, டாரட் கார்டு என்று படச் சீட்டில் குறி பார்க்கப் படித்துவிட்டு வந்தாள். உடம்பில் ஏழு சக்கரம் உண்டு, நாம் சொல்லாமல் முழுங்கியதெல்லாம் அங்கங்கே தங்கி அடைத்துக்கொள்ளும், எது அடைத்திருக்கிறது என்று சீட்டு காட்டும், சீட்டு நேராக விழுந்தால் நல்லது, தலைகீழாக விழுந்தால் தடை, மனசில் வருவதை நோட்டில் எழுதினால் அடைப்புத் திறக்கும். இதுதான் அவள் படித்த பாடம். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு நீலத் துணியை விரிப்பாள்.

ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஸ்டாஃப் ரூம்ல சீட்டுக்கட்டா? வெளங்குனாப்லதான்" என்று தலையில் அடித்துக்கொண்டு போவார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். "நிகழ்தகவு நடத்துறவ நீ, உனக்கு ஏம்மா இந்த வேலை?" என்று கேட்டேன். "நிகழ்தகவு என்ன வரும்னு சொல்லும்க்கா. இது ஏன் வந்துச்சுன்னு சொல்லுது" என்றாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஆனால் அந்த எழுத்து அவளுக்கு நல்லது செய்ததை நானே பார்த்தேன். அப்பாவின் நிலத்தை அண்ணன்மார் பேருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் அதையே எழுதினாள். பிறகு பெரிய அண்ணனுக்கு போன் போட்டு, "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே" என்று சொன்னாளாம். மறுநாள் முகம் கழுவிவிட்ட மாதிரி வந்து நின்றாள். அதைப் பார்த்துத்தான் நானும் யாரும் இல்லாத நேரம் கையை நீட்டினேன். வெளிநாட்டில் இருந்த என் மகனுக்கு விசா நீட்டிப்பு வராமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. நான் எடுத்துப் போட்ட சீட்டு அவள் பக்கம் தலைகீழாக விழுந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தாள். "எடுத்தவங்க பக்கம்தான்க்கா பாக்கணும். உங்களுக்கு நேராத்தானே இருக்கு? வந்துரும் பாருங்க." அந்த மாதமே வந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆடி முடிந்து, பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய நாட்களில் அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. வாத்தியார்களுக்குத் தொண்டை கட்டுவது அதிசயமா என்ன. அவள் சீட்டு எடுத்தாள், தொண்டைச் சக்கரம் என்று வந்தது. அதன் நிறம் நீலமாம். நீலப் புடவை, நீல மை, கழுத்தில் நீலக் கல். காதோரம் மாட்டும் மைக்கும் இடுப்பில் தொங்கும் சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக்கொண்டாள். புரட்டாசியில் ஒருநாள் நான் பத்தாம் வகுப்புக்குக் குரல்வளைப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்பிலிருந்து அவள் ஸ்பீக்கரின் சத்தம் வந்தது. சொல் இல்லை, வெறும் காற்று, இரைப்புக்காரர் மூச்சு விடுவதுபோல. குரல் நாண்களை வரைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பிள்ளைகள் அத்தனையும் சுவரையே பார்த்தன.

அன்றைக்கே சொன்னேன், "மூணு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா காட்டியே ஆகணும்மா." காட்டியிருக்கிறாள். தஞ்சாவூருக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லித் திருவாரூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த டாக்டர் சீட்டை நோட்டுக்குள் பக்க அடையாளமாக வைத்திருந்தாள். "இன்னும் சொல்லாத ஏதோ ஒண்ணு உள்ள இருக்குக்கா. அத எழுதிட்டா சரியாயிடும்" என்று கிசுகிசுத்தாள்.  நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பினேன்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஜன்னலுக்கு வெளியே வயல் எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை, நட்ட சம்பாப் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவள் நீலத் துணியை விரித்தாள். "தஞ்சாவூருக்கு இப்பவே போகவா, அரையாண்டு முடிஞ்சு போகவா? நான் எடுத்தா என் மனசு உள்ள பூந்துரும். நீங்க எடுங்கக்கா. நேரா வந்தா நாளைக்கே போறேன்." காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

எடுத்துப் போட்டேன். சூரியன். எனக்கு நேராக, அவளுக்குத் தலைகீழாக. அவள் சீட்டை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "தலைகீழா இருக்கு" என்றாள். நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

சீட்டையே நம்பாத நான், எடுத்தவர் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று சீட்டின் சட்டத்தை எடுத்துச் சொல்வதா என்ற வீம்புதான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் லீவு போட்டால் அவளுடைய வகுப்பெல்லாம் என் தலையில் விழும். எனக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது. அரையாண்டு வரை அவள் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இவ்வளவுதான். இதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. மணி அடித்தது. அவள் சீட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அரையாண்டு முடிந்துதான் தஞ்சாவூர் போனாள். புற்று முற்றியிருந்தது, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்தில் போட்ட துளைமேல் ஈரத்துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது. மடியில் அதே நோட்டு. இப்போது அவள் பேச்சு அதில்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் எழுதித்தான் காட்டினாள். என்னைப் பார்த்ததும் எழுதி நீட்டினாள்: "அன்னைக்கு உங்க பக்கம் நேராத்தானே இருந்துச்சு?"

எனக்குக் குரல் இருந்தது. "நான் கவனிக்கலம்மா" என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நோட்டை வாங்கி, "சாப்பிட்டீங்களா?" என்று எழுதினாள்.

பங்குனியில் போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அவள் புருஷன் நோட்டையும் இந்த ஒரு சீட்டையும் கொண்டுவந்து, "அக்காகிட்ட குடுக்கணும்னு எழுதி வச்சிருந்துச்சுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஐப்பசி நாளின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். நீல மையில் இவ்வளவுதான் இருந்தது: "சூரியன். எடுத்தது அக்கா. அவங்க பக்கம் நேர். எனக்குப் பயமா இருக்கு. அக்கா ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே போயிடுவேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. சீட்டை அந்த நாற்காலிக்கு நேராக இருக்கும்படிதான் வைத்திருக்கிறேன்.