மண்மேட்டை அளந்த மேடம்

பள்ளிப் படிப்போடு நின்ற நான் எழுதத் துணிந்ததற்கு மன்னிக்கவும். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டை அளக்க வந்த அந்த மேடம், தான் வெயிலில் நின்று குடையை ஸ்கேனருக்குப் பிடிப்பார். லேசரால் மேட்டை அளக்கும் அந்த ஸ்கேனர் எடுத்த லட்சக்கணக்கான அளவுப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் குறைத்து, மேட்டின் உருவத்தை எளிமையாக்கினார். எட்டிப் பார்த்தேன். சரிவில் இருந்த புடைப்பு படத்தில் இல்லை. அதன் கீழேதான் கான்ட்ராக்ட் ஆட்கள் சாப்பிடும் கொட்டகை.

"மேடம், அங்க மண்ணு உப்பிகினு வருதுங்க. சரிஞ்சா கொட்டகை மேலதான் வுழும்."

"சின்ன மேடுன்னு கம்ப்யூட்டர் தள்ளிடுச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் தூசி அடங்க அங்கதான் தண்ணி தெளிக்கிறேங்க."

"முன்னாடியே சொல்றதுக்கு என்னண்ணே?"

"யாரும் கேக்கலீங்க."

சிரித்தார். அந்த இடத்தில் மட்டும் புள்ளிகளைக் குறைக்காமல் மறுபடி செய்தார். புடைப்பு தெரிந்தது. உடனே சுரங்க அதிகாரிக்குப் போன் செய்தார். என் பேச்சை எதை வைத்து நம்பினார் என்று இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் கொட்டகையைப் பிரித்து வேறு இடத்தில் போட்டோம்.