மார்க்கர் அலமாரியின் சாவி

எங்கள் பள்ளியில் மார்க்கர் வைக்கும் அலமாரியின் சாவி ஒன்பது வருடங்களாக என்னிடம்தான் இருந்தது. தலைமை ஆசிரியையிடம்கூட மாற்றுச் சாவி கிடையாது. மட்டாஞ்சேரியில் தனியார் நடத்தும் சின்னப் பள்ளி அது. பதினாறு வகுப்பறைகள், பதினாறு வெள்ளைப் பலகைகள். நான் சமூக அறிவியல் ஆசிரியை. அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். இன்றைக்கும் தமிழைவிட மலையாளம்தான் எனக்கு வேகமாக எழுத வரும்.

அலமாரிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். காலி மார்க்கரைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். அதையும் உடனே கொடுத்துவிட மாட்டேன். கொண்டுவந்ததை வாங்கி, அட்டைப் பெட்டியின் மூடியில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். கொஞ்சம் கறுப்பு தெரிந்தாலும் "இன்னும் ரெண்டு நாள் ஓடும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். பின்னால் என்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திட்டட்டும் என்று இருந்தேன்.

மார்க்கர் வாங்கவும் நானேதான் படகேறி எறணாகுளம் போவேன். அங்கே பிராட்வே கடைத்தெருவில் மொத்தக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே பெருமூச்சு விடுவார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன்; தலைவலிக்கிற நெடி இருந்தால் வேண்டாம். கடையில் தொங்கும் சின்னப் பலகையில் எழுதி, கொஞ்ச நேரம் காயவிட்டு, விரலால் துடைப்பேன். நிழல் மாதிரி கறை தங்கினால் அதுவும் வேண்டாம். கறுப்புதான் முதலில், அப்புறம் நீலம். சிவப்பு அடிக்கோடு போட மட்டும். பச்சை வாங்குவதையே நிறுத்திவிட்டேன், கடைசி பெஞ்சுக்கு அது தெரியவே தெரியாது. வாங்கி வந்ததைப் படுக்கவைத்துத்தான் அடுக்குவேன். நிமிர்த்தி வைத்தால் மை கீழே இறங்கி முனை வறண்டுவிடும். இதையெல்லாம் பெரிய வித்தை போல நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வகுப்புக்குக் கணக்கு டீச்சராக ஒருத்தி வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். கணவன் எறணாகுளத்தில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. வந்த முதல் வாரமே, அழியாத மையுள்ள மார்க்கரால் பலகை முழுக்கக் கணக்கு போட்டுவிட்டாள். துடைக்கத் துடைக்க அது அப்படியே நிற்கிறது. பயந்துபோய் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். நான் போய், அந்த எழுத்தின்மேலேயே வெள்ளைப் பலகை மார்க்கரால் மறுபடி எழுதி, ஈரம் காய்வதற்குள் துடைத்தேன். இரண்டும் சேர்ந்து போய்விட்டன. "மந்திரம் மாதிரி இருக்குக்கா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து இடைவேளைச் சாயா நாங்கள் இருவரும் சேர்ந்துதான். பள்ளியில் எனக்குத் தமிழ் பேச அவள் ஒருத்திதான்.

அவளுக்கு அப்படி ஒரு குரல். சுவர் தாண்டி வரும். நான் இந்த அறையில் நதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன், என் பிள்ளைகள் அவள் சொல்லும் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். "கொஞ்சம் மெதுவாப் பேசேன் மோளே, என் பிள்ளைகளையும் சேர்த்து நீயே பாஸாக்கிடுவ போலிருக்கே" என்று கேலி செய்வேன்.

அந்தக் குரல்தான் போனது. மூன்றாவது வருடம், ஓணம் விடுமுறைக்குப் பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. குரல்வளையில் சின்னக் கட்டி, பேசாமல் இருந்தால்தான் ஆறும், இல்லாவிட்டால் அறுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி கடைசியில் பள்ளி மேனேஜர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவர் சரி என்றால்தான் ஜூனில் வேலை. குரல் இல்லாத டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. படிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் போனது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அவர்களுக்காவது தெரியட்டும்.

பேச முடியாததை அவள் எழுத ஆரம்பித்தாள். கணக்கு மட்டுமா? "பக்கம் 84", "சத்தம் வேண்டாம்", "நீ சொன்னது சரி" என்று எல்லாவற்றையும் பலகையில் எழுதினாள். பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டாக இருந்தது, அவர்களும் வாயை மூடிக்கொண்டு எழுதினார்கள். பக்கத்து அறை அமைதியாகிவிட்டதை நானும் கவனித்தேன். கண்டிப்பு கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் ஓடவேண்டிய மார்க்கர் அவளுக்கு மூன்று நாளில் தீர்ந்தது. அலமாரி முன்னால் வந்து காலி மார்க்கரை நீட்டுவாள். "எந்தா மோளே, மையைக் குடிக்கிறியா?" என்று கேட்டேன். சிரித்தாள், பதில் சொல்லவில்லை. இடைவேளைச் சாயாவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் கையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொள்வாள்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவளை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அப்போது ஆசிரியர் அறையில் அடிபட்டது. ஓகோ, அதுதான் தலைக்கனம் என்று முடிவு கட்டினேன். என் சுபாவத்துக்கு நேரே போய் என்னடி விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும். வாய் ஓயாமல் பேசுகிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. ரோஷம். அதற்குப் பதிலாக அலமாரியில் காட்டினேன் என் கோபத்தை. அவளுக்கு இனிமேல் புது மார்க்கர் கிடையாது, மை நிரப்பிய பழசுதான்.

மை நிரப்புவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்பக்கத்தைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி படுக்கவைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் பஞ்சு முழுக்க ஊறும். விட்ட உடனே எழுதினால் முதல் இரண்டு வரி பளிச்சென்று விழும். அப்புறம் வெளிறி நின்றுவிடும். அந்தப் பள்ளியில் இது என்னைப் போல வேறு யாருக்கும் தெரியாது.

மேனேஜர் அவள் வகுப்புக்கு வருகிற நாள் காலை, மணி அடிப்பதற்கு முன் அலமாரியடிக்கு வந்தாள். கையில் காலி மார்க்கர். உள்ளே புதுப் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது, போன வாரம்தான் நான் பிராட்வேயிலிருந்து கொண்டுவந்தது. அதை நான் தொடவில்லை. அவள் கொடுத்ததையே வாங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மை விட ஆரம்பித்தேன். பக்கத்தில் மலையாளம் டீச்சர் நின்றிருந்தார். அவரிடம் பேசுகிற சாக்கில், இவள் காதில் விழட்டும் என்று தமிழிலேயே சத்தமாகச் சொன்னேன்: "சிலபேரு இப்பல்லாம் வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயப்படுறாங்க டீச்சரே. நம்மகிட்ட எல்லாம் பேசுவாங்களா? பெரிய இடம் ஆயாச்சு." மலையாளம் டீச்சருக்குப் பாதி புரிந்தது, சிரித்துவைத்தார். சிரிப்பு கிடைத்ததும் நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினேன்.

மூடியில் கோடு இழுத்துப் பார்த்தேன். நல்ல கறுப்பு. திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை, சற்று நேரம் நின்றாள். பிறகு வாங்கிக்கொண்டு போனாள்.

வகுப்பில் நடந்ததை ஒரு மாதம் கழித்துத்தான், பிள்ளைகளும் தலைமை ஆசிரியையும் சொல்லி அறிந்தேன். முதல் இரண்டு வரி கடைசி பெஞ்சு வரை தெரிந்ததாம். மூன்றாவது வரி சாம்பல் நிறம். நான்காவது வரியில் முனை பலகையில் கிறீச்சிடும் சத்தம் மட்டும்தான். உதறிப் பார்த்திருக்கிறாள், மூடியைப் போட்டுத் திறந்து பார்த்திருக்கிறாள். கடைசி பெஞ்சில் மேனேஜரும் தலைமை ஆசிரியையும். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்: "போர்டு வேண்டா டீச்சரே, பறஞ்ஞு கொடுத்தா மதி." வாயால் சொன்னாலே போதும் என்று.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்ததாம். மறுபடி முயன்றிருக்கிறாள். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, டீச்சருக்குப் பதிலாகத் தானே கணக்கை உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். மேனேஜர் அந்த மாணவியை உட்காரச் சொல்லிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் வரைபடத்தில் பெரியாற்றைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசியில் வந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. "தொண்டை போயிடுச்சாம், பாவம். நமக்கு என்ன செய்ய முடியும்?" என்று மலையாளத்தில் சொன்னார் தலைமை ஆசிரியை. அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாலையில் எல்லோரும் போன பிறகு அலமாரியைத் திறந்து, அந்தப் புதுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஒரே ஒரு மார்க்கர். அதைக் கொடுத்திருந்தால் அந்த நாற்பது நிமிடத்தை அவள் எழுதியே கடந்திருப்பாள். ஜூன் வரை மறைத்திருப்பாள். விடுமுறையில் தொண்டைக்கு ஓய்வு கிடைத்திருக்கும். தலைமை ஆசிரியையிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார். வயதாகிவிட்டது என்றேன்.

அவள் வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைதான். போக எனக்கு இரண்டு மாதம் ஆனது. பயம், வேறென்ன. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சந்தைக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டியிருந்தாள். ஆப்பரேஷன் முடிந்துவிட்டது, குரல் இவ்வளவுதான் வரும், வகுப்பு எடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இப்போது இடப்பள்ளியில் ஒரு துணிக்கடையின் கிடங்கில் விலைச்சீட்டு ஒட்டும் வேலை. அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றாள். அவள் சொல்வதைக் கேட்க நான் நாற்காலியை நகர்த்தி, அவள் வாயருகே குனிய வேண்டியிருந்தது.

சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் பெட்டி உள்ளேயே இருந்ததை, இரண்டு வரிக்குமேல் எழுதாது என்று தெரிந்தே கொடுத்ததை, அவள்மேல் இருந்த கோபத்தை. "எனக்குத் தெரியாதுடி. உன் தொண்டை இப்படின்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா அந்தப் பெட்டியையே தூக்கிக் கொடுத்திருப்பேனே" என்றேன். அதைச் சொல்லும்போதும் என் குரல் உயர்ந்துதான் இருந்தது.



"சொன்னேன்க்கா," என்றாள். "அன்னிக்குக் காலையில அலமாரிகிட்ட நின்னு சொன்னேன். எனக்குத் தொண்டை போயிடுச்சு, இன்னிக்கு மட்டும் புதுசு ஒண்ணு குடுங்கன்னு. ரெண்டு தடவை சொன்னேன். நீங்க டீச்சர்கிட்ட பேசிட்டு இருந்தீங்க."

முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். பிறகு அவள் தம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. குனிந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"சாயா ஆறுதுக்கா, குடிங்க."