நடுக்கடலில் நின்ற நாற்காலி

பக்கவாதம் வந்த பிறகு லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் சகாதேவன் கடலுக்குப் போனதேயில்லை. ஒரு நாள் அவர் மகள் வெண்ணிலா கல்லூரியிலிருந்து, சுற்றிலும் படம் காட்டும் விஆர் கண்ணாடி கொண்டுவந்தாள். வாசல் மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அதை மாட்டி, கடல் படம் என்றாள். உடனே அவர், படகில் ஏறுகிறவர்போல, செருப்பைக் கழற்றிவிடச் சொன்னார்.

கண்ணெதிரே கரை விலகியது. ஒவ்வோர் அலைக்கும் அவர் உடம்பு தானாகவே முன்னால் சாய்ந்தது. மணலில் ஊன்றிய நாற்காலி அசையவே இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வந்திருப்பார்.

படம் முடிந்து கண்ணாடிக்குள் இருட்டானது. வெண்ணிலா கழற்ற வந்ததும் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நடுக்கடல்ல எப்டிமா எறங்கறது?”

அவர் மனைவி மணியம்மாள் குடத்துத் தண்ணீரை அவர் பாதங்களில் மெல்ல ஊற்றினாள்.

“கரை வந்துட்ச்சு, எறங்குயா.”

அதற்குப் பிறகுதான் அவர் பிடியை விட்டார்.