அமெரிக்காவில் மட்டும் ஓடும் படம்

அம்மாவுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் குக்கர் விசில் போனது, பிறகு காலிங் பெல், பிறகு சர்ச் மணி, கடைசியில் நான். காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அதை மாட்டினால் தலைக்குள் யாரோ பாத்திரம் உருட்டுகிற மாதிரி இருக்கிறதாம். இரண்டு நாள் மாட்டிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். வற்புறுத்தினால், "நீயே ஒரு நாள் அத மாட்டிக்கிட்டு ஆபீஸ் போய்ட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பாள். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் எடுத்தவள். அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அதன்பிறகு அம்மாவுக்கு எல்லாமே படிப்பு என்றாகிவிட்டது. பேப்பர் படிப்பாள், பைபிள் படிப்பாள், டிவியையும் படிப்பாள். ஆங்கிலப் பட சேனல்களில் வசனம் கீழே எழுத்தாக ஓடும், அது போதும் அவளுக்கு. தமிழ் சீரியலில் அந்த வசதி இல்லை. யார் யாரை அறைகிறார்கள் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. "அறையறதுக்குக் காரணம் வேற வேணுமா என்ன" என்று சொல்லிவிட்டு சேனலை மாற்றிவிடுவாள்.

அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு பொருள்தான். ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். காலேஜ் படிக்கும்போது கன்டோன்மென்ட் தியேட்டர் ஒன்றில் பார்த்தது. கோர்ட் கதை. சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பேச்சுதான். அதில் வக்கீல் கடைசியாகப் பேசும் வாதத்தை அம்மா ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புக்கு நடித்துக் காட்டுவாளாம். என்னிடம் ஒருநாள் சமையலறையில் சொன்னாள்: "அந்த ஆள் குரல் இத்தன வருஷமா தலைக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்போ அதுவும் கேக்கல. வார்த்தையயாச்சும் ஒரு வாட்டி பாத்துடணும்டி."

அம்மா புலம்புகிற ஆள் இல்லை. புளியைக் கரைத்துக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

தேடினேன். நாங்கள் மாதாமாதம் பணம் கட்டும் ஆப் எதிலும் அந்தப் படம் இல்லை. ஒன்றில் போஸ்டர் மட்டும் இருந்தது. தொட்டால், உங்கள் பகுதியில் கிடைக்காது என்றது. அமெரிக்காவில் மட்டும் புளூ-ரே டிஸ்க்காக வந்திருந்தது. காது கேளாதவர்களுக்கான வசன எழுத்து உண்டு என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் புளூ-ரே பிளேயர் இருந்தது, டிவி வாங்கியபோது ஆஃபரில் தலையில் கட்டியது. அதற்கும் ஒரு வேளை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

பெங்களூர் ஐ.டி. ஆபீஸில் இருப்பவர்களுக்கு அமெரிக்கா தூரமில்லை. யாராவது ஒருவர் அங்கிருந்து வந்துகொண்டேதான் இருப்பார். அவர் வரும் தேதி அவர் மனைவிக்குத் தெரியும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். அவரவருக்கு வேண்டிய விட்டமின் மாத்திரை, ஷூ, சாக்லேட் எல்லாம் அவர் பெட்டியில் ஏறிவிடும். என் டீமில் ஒரு சேலத்துத் தம்பி அப்போது அங்கே இருந்தான். டிஸ்க்கை அவன் முகவரிக்கு ஆர்டர் செய்தேன். பிளாஸ்டிக் உறைகூடக் கசங்காமல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

அன்று சாயங்காலம் அம்மா புடவை மாற்றிக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்து டிஸ்க்கைப் போட்டேன். நீலத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்தது. இந்த டிஸ்க்கை உங்கள் மண்டலத்தில் இயக்க முடியாது. அம்மா அதை வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கிராமர் சரியாதான் இருக்கு. என்ன சொல்றான்?" என்றாள்.

உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், அமெரிக்காவுக்கு ஏ, ஐரோப்பாவுக்கு பி, ஒரு மண்டலத்தின் டிஸ்க் இன்னொரு மண்டலத்தின் பிளேயரில் ஓடாது என்று கத்திக் கத்திச் சொன்னேன்.

"நம்மள எங்க போட்டிருக்கான்?"

"சி."

"சி செக்‌ஷனா. ஏன்டி, காசு வாங்கிக்கிட்டுதானே குடுத்தான்?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "எல்லா ஸ்கூல்லயும் சி செக்‌ஷனுக்கு அப்படித்தான். கடைசி வருஷம் வரைக்கும் எனக்கு அந்த கிளாஸத்தான் குடுத்தாங்க."

விற்ற கம்பெனிக்கு சாட்டில் எழுதினேன். வெளிநாட்டில் வாங்குபவர்கள் மண்டலத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்று பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறதாம். பிரித்த டிஸ்க்கைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். என் அம்மாவுக்குக் காது கேட்காது, இந்த எழுத்து வேறு எதிலும் இல்லை என்று எழுதினேன். "கைண்ட்லி அண்டர்ஸ்டாண்ட்" என்று பதில் வந்தது. அமெரிக்கர்கள் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள் இதே பெங்களூரில், எங்கள் ஆபீஸுக்கு அடுத்த கட்டடத்தில்கூட இருந்திருக்கலாம். அவருக்கும் ஒரு அம்மா இருப்பார். அவர் கையில் மட்டும் என்ன இருக்கிறது? சாட் ஜன்னலை மூடிவிட்டேன்.

சனிக்கிழமை எங்கள் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு சிவாஜிநகர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவர் தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிவிடி காலத்துல ரிமோட்ல நம்பர் அடிச்சா லாக் தொறந்துடும் மேடம். இதுல ஆகல்ல. கை வெச்சா பிளேயரும் போய்டும்" என்றார். கம்ப்யூட்டரில் போட்டுக் காப்பி எடுக்க முடியாதா என்றேன். டிஸ்க் போடுகிற கம்ப்யூட்டர் யாரிடம் இருக்கிறது இப்போது என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. காசு கொடுத்து வாங்கிய சாமான் கையில் இருக்கிறது, அம்மா உயிரோடு இருக்கிறாள், இரண்டையும் ஒன்று சேர்க்க ஊரில் ஒரு ஆள் இல்லை.

சேலத்துத் தம்பி மறுபடி அமெரிக்கா போனான். "அக்கா, பேசாம அம்மாவயே இங்க அனுப்பிடுங்க" என்று கேலி செய்தான். பிறகு அவனே, அங்கே ஒரு பிளேயர் வாங்கி வருகிறேன் என்றான். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததாம். ஊர் திரும்பி அதை என்னிடம் கொடுக்கும்போது, "நேரா பிளக்ல குத்திடாதீங்க. அங்க கரண்ட் நம்மள்ல பாதிதான், இங்க மாட்டினா புகஞ்சுடும். கன்வர்ட்டர் வாங்கிட்டு மாட்டுங்க" என்று இரண்டு தடவை சொன்னான்.

அன்று வியாழக்கிழமை. பெட்டியைப் பிரிக்காமல் டிவி பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் ஷூ போட்டுக்கொண்டே, "கன்வர்ட்டர் வாங்கி நாளைக்கு மாட்டலாம்மா, அதுவரைக்கும் தொடாத" என்று வாசலிலிருந்து கத்தினேன். அம்மா தலையாட்டினாள். அம்மாவின் தலையாட்டல் இரண்டு வகை. சொன்னது கேட்டால் ஒரு ஆட்டல், கேட்கவில்லை என்பதை மறைக்க ஒரு ஆட்டல். கூடவே இருக்கும் எனக்கே வித்தியாசம் தெரியாது.

சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போது கீழ்வீட்டு ஆன்ட்டி வெளியே வந்தார்கள். "மத்தியானம் உங்க வீட்ல டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. பெல் அடிச்சுப் பாத்தேன், வரல. மம்மி நல்லாதானே இருக்காங்க?"

மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது. அம்மா டிவிக்கு எதிரே அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை அழகாகப் பிரித்து, தெர்மாகோலை ஓரமாக அடுக்கி வைத்திருந்தாள். டிவிக்குப் பின்னால் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எந்த நாட்டுப் பின்னும் நுழையும். அமெரிக்கப் பின் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. டிவியோடு இணைக்கும் ஒயரைக்கூடச் சரியான ஓட்டையில் சொருகியிருந்தாள். டிஸ்க் அவள் மடியில் இருந்தது. கையில் ரிமோட். பிளேயரைப் பார்த்து நீட்டி ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? நீ வர்றதுக்குள்ள போட்டு வெக்கலாம்னு பாத்தேன். ஏதோ ஒரு பட்டன்லதான் இருக்கு, எனக்குதான் புரியல. சாப்பிட்டதுலருந்து அமுக்கிக்கிட்டே இருக்கேன்." பிறகு மூக்கைச் சுருக்கினாள். "பக்கத்துல குப்பை எரிக்கறாங்க போல. ஜன்னல சாத்திட்டேன்."

போய் ஸ்விட்சை அணைத்தேன். பின்னைப் பிடுங்கினேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உன் தப்பு இல்லம்மா" என்றேன்.

"என்ன?"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மறுபடியும் என்ன என்றாள். காது கேளாதவர்களிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியதையும் தெருவுக்குக் கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் கழுத்து நரம்பு புடைக்கிறது, முகம் கோணுகிறது. எனக்கு அழுகையும் வந்துகொண்டிருந்தது, அதில் வார்த்தை குழறி, முகம் இன்னும் விகாரமாகியிருக்கும். "உன் தப்பு இல்ல" என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை மட்டும்தான் அவளால் படிக்க முடிந்தது.

"திட்டாதடி" என்றாள். "நான் எதையும் ஒடைக்கல." ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.