பென்சிலில் எழுதிய பீரியட்

ஆசிரியர் அறைச் சுவரில் இருக்கும் கால அட்டவணையில் எல்லாப் பாடமும் பேனாவில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு பீரியட் வரும் ஓவியம் மட்டும் பென்சிலில். யாருக்காவது பாடம் முடியவில்லை என்றால் அழித்துவிட்டுத் தங்கள் பாடத்தை எழுதிக்கொள்ளலாம். பத்தொன்பது வருடமாக இதுதான் நடைமுறை. அதிகம் அழித்தவர் கணக்கு வாத்தியார். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் அந்த இரண்டு கட்டமும் தேய்ந்து சுவர் தெரியும்.

டிராயிங் டீச்சருக்கு இதில் கோபம் இல்லாமல் இல்லை. பள்ளியில் விழுங்கிவிட்டு வீட்டில் கொட்டுவார். தையல்காரரான கணவர் தலை நிமிராமல் காஜா எடுத்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சரி, சாப்பிடலாமா?" என்பார்.

இந்த வருடம் தலைமை ஆசிரியர், அழிக்கிற வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆய்வு அதிகாரி வந்து போனதும் இரண்டு பீரியடும் கணக்குக்கே. டீச்சர் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போடலாம்.

"படம் வரையறதுல என்ன படிப்பு இருக்குன்னு அவர்கிட்ட காட்டுங்க. காட்டிட்டா பார்க்கலாம்," என்றார்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வழியில்லை. டீச்சர் முன்பு படம் வரைய மர அறுவை மில்லுக்குக் கூட்டிப்போனார், ஒன்றும் ஆகவில்லை. சலூனுக்குப் போனபோதுதான் வினை. ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி, சலூன்காரரின் பின்மண்டையைப் பார்த்தது பார்த்தபடி வரைந்துவிட்டாள். தனக்கு வழுக்கை விழுந்த விஷயம் அவருக்கே அன்றுதான் தெரியும். புகார் வந்தது, அனுமதி நின்றது.

அதனால் இந்த முறை டீச்சர் பிள்ளைகளைப் பள்ளியின் முற்றத்துக்கே சுற்றுலா கூட்டிப்போனார். அங்கே மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். எங்கிருந்து எங்கே போகிறது என்று யாரும் பார்த்ததில்லை, திட்டுவதோடு சரி. பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரின் ஓரத்தில் கூழாங்கல் வைத்தார்கள். தரை காய்ந்ததும் ஒவ்வொரு முறை வைத்த கற்களையும் சுண்ணக்கட்டியால் தனித்தனிக் கோடாக இணைத்தார்கள். பிறகு அதையே கட்டம் போட்ட தாளில் சிறியதாக வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பளவு எழுதினார்கள்.

சத்தம் தாங்காமல் சண்டை போட வந்த கணக்கு வாத்தியார் ஒரு தாளை எட்டிப் பார்த்தார். விடை தப்பு. தப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்து போகிற ஜென்மம் இல்லை அவர். "பாதிக் கட்டத்தை யார் எண்ணுவா, உங்க தாத்தாவா?" என்று தரையில் உட்கார்ந்தவர் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மழையில் சுண்ணக்கட்டிக் கோடு போய்விட்டது. பள்ளி கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்டைக் கொடுத்து, "தாளைப் பார்த்து அங்கங்க ஒரு புள்ளி வைங்க," என்றார் டீச்சர். பிள்ளைகள் புள்ளியோடு நிறுத்துவார்களா? ஆறு முழுக் கோடுகள். ஆறாவது தலைமை ஆசிரியர் அறை வாசலில் போய் முட்டி நின்றது.

"நாளைக்கு அதிகாரி வர்றார். முற்றத்தை நாசம் பண்ணி வச்சிருக்கீங்களே," என்றார் தலைமை ஆசிரியர். டீச்சர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதிகாரி வந்தார், கூடவே மழையும் வந்தது. ஷூவைத் தலைமை ஆசிரியர் அறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கதவருகே ரெட்டை ஜடை எட்டிப் பார்த்தாள்.

"சார், ஷூவ உள்ள எடுத்து வச்சுக்கோங்க. தண்ணி நாலாவது கோட்டுக்கு வந்துருச்சு. இதே மாதிரி பெஞ்சா இன்னும் பத்து நிமிஷத்துல இங்க வந்துரும்."

"போய் கிளாஸ்ல உட்காரு," என்றார் தலைமை ஆசிரியர்.

பத்து நிமிடத்தில் ஷூ மிதந்தது.

அதிகாரி வெறுங்காலோடு வெளியே வந்தார். கோடுகளைப் பார்த்தார், தாள்களை வாங்கிப் பார்த்தார். "இது எந்தப் பாடத்துல வருது?" என்றார்.

"கணக்கு சார்," என்று முந்திக்கொண்ட தலைமை ஆசிரியர், கணக்கு வாத்தியாரைக் கை காட்டினார்.

தலையாட்டினால் போதும், இரண்டு பீரியடும் அவருடையது. டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல சார், டிராயிங்," என்றார் வாத்தியார். "பரப்பளவு தப்பா இருந்துச்சு. திருத்தத்தான் நான் வந்தேன்."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு, ஈர ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அட்டவணையில் அந்த இரண்டு கட்டத்திலும் 'ஓவியம்' பேனாவில் இருந்தது. எழுத்து கோணல். பேனா மூடியைத் திருகியபடி பக்கத்தில் கணக்கு வாத்தியார் நின்றிருந்தார்.

"ஸ்கேல் வச்சு எழுதியிருக்கலாம் சார்," என்றார் டீச்சர்.

"வாங்கின பீரியடையெல்லாம் திருப்பிக் குடுக்க முடியாது டீச்சர்," என்றார் அவர். "இதையாவது அழியாம எழுதிட்டேன்."